மந்திரித்த உப்பும் கடை உப்பும்

நம் கோயில் பங்கு மக்கள் எல்லாருக்கும் ஞானம்மாள் எழுதுவது. நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் பசு செவலை கன்று போட முடியாமல் தரையில் கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. தலை வரவில்லை. மாடு முக்கி முக்கி ஓய்ந்துபோய்க் கழுத்தை மண்ணில் நீட்டிவிட்டது. அதைக் காப்பாற்றக்கூடிய கை ஒன்று முற்றத்துக்கு அந்தப் பக்கமே இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் நான் கூப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். அது என் ஓரகத்தி ரோசலியின் கை.

ஏன் கூப்பிடவில்லை என்று சொல்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் எங்கள் குடும்பம். வாழையும் நெல்லும் போடுகிறோம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பி அருளப்பனும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே வீடு கட்டினார்கள். அருளப்பன் பெண்சாதிதான் ரோசலி. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று இரண்டு வீட்டிலுமாக இருபத்திரண்டு பேர் சாப்பிடுகிறோம். எங்கள் தொழுவம் இந்தப் பக்கம், அவர்கள் தொழுவம் அந்தப் பக்கம். நான் மூத்த மருமகள். என்னைக் கேட்காமல் அந்த முற்றத்தில் ஒரு கல்யாணம் பேசியது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். பெட்டியைக் கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னால் ரோசலி ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு என் தொழுவத்துக்குள் போனாள். உட்கார்ந்து பால் கறந்தாள். நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஏன்டி, பொணம் வாசல் தாண்டல, அதுக்குள்ள ஒனக்குப் பாலு கேக்குதா?" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அவள் சொம்பை என் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது. வாய் நிற்கவில்லை. இரண்டு பேரும் மாட்டிடம் பேசிக்கொண்டோம். அவள் காதில் விழ வேண்டியதை நான் செவலையிடம் சொல்வேன். என் காதில் விழ வேண்டியதை அவள் தன் பசு வெள்ளச்சியிடம் சொல்வாள்.

"செவலை, அந்தப் பக்கத்து வைக்கோல்ல வாய வைக்காதடி. சில வீட்டு வைக்கோலு செமிக்காது."

"வெள்ளச்சி, நீ பாட்டுக்கு அசை போடு. வயசானா கண்ணு, காலு எல்லாம் நின்னுபோவும். வாய் மட்டும் நிக்காது."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடும். பதினோரு வருஷம் இப்படித்தான் பொழுது போனது.

தை மாதம் வனத்து அந்தோணியார் திருநாள் வரும். ஆடுமாடுகளைக் காக்கிறவர் அவர். அன்றைக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கோயில் வாசலுக்கு ஓட்டிப்போவோம். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். கூடவே கல்லுப்பு கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வருவோம். அதை வருஷம் முழுக்கத் தவிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைப்போம். இரண்டு வீட்டுக்கும் உப்பு மந்திரித்து வந்து பங்கு வைப்பது மூத்தவள் வேலை. பேச்சு நின்றும் அந்த வேலையை நான் நிறுத்தவில்லை. கொழுந்தனார் கையில் கொடுத்து அனுப்புவேன்.

போன வருஷம் தையில், திருநாளுக்கு முந்தின நாள், ரோசலி மாட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளச்சி, இந்தத் தடவ கண்காட்சியில கொடம் நமக்குத்தான். அந்தாண்ட நிக்கறது கெழடாயிடுச்சு. மாட்டச் சொல்றேன்."

மாசியில் கொள்ளிடத்துக்கு அக்கரையில், மண்ணச்சநல்லூர் பக்கத்து மைதானத்தில், மாட்டுக் கண்காட்சி நடக்கும். நல்ல பசுவுக்கு எவர்சில்வர் குடம் பரிசு. இரண்டு வருஷம் தொடர்ந்து என் செவலைதான் வாங்கியிருந்தது. குடம் இரண்டையும் அவள் கண்ணில் படுகிற மாதிரி என் வாசலிலேயே வைத்திருந்தேன்.

அவள் சொன்னது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மறுநாள் மந்திரித்த உப்பு முழுவதையும் என் ஜாடியில் கொட்டி மூடினேன். அடுப்படியில் கிடந்த கடை உப்பை ஒரு பொட்டலம் கட்டிக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அப்போதும் என் மனம் இளகவில்லை. அன்று சாயங்காலம் முழங்காலில் நின்று, "அந்தோணியாரே, அவ மாட்டுக்கு உம்ம காவல் வேணாம்" என்று கேட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. அன்றைக்கு அதைத்தான் ஜெபம் என்று நினைத்தேன்.

மாசியில் கண்காட்சி. இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். டாக்டர்கள் பல்லைப் பார்த்தார்கள், மடியைத் தடவினார்கள், நடக்க விட்டுப் பார்த்தார்கள். குடத்தை வெள்ளச்சிக்குக் கொடுத்தார்கள். செவலைக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு துண்டு. அந்தத் துண்டை நான் இன்றுவரை பிரிக்கவில்லை.

ரோசலி மாலையோடு மாட்டை ஓட்டிக்கொண்டு என் வாசல் வழியாகவே வந்தாள். "வெள்ளச்சி, ஓரமா வாடி. வயிறு எரியற எடத்துல பொக அடிக்கும்."

நான் விடுவேனா? "செவலை, கொடம் பளபளன்னுதான் இருக்கும். உள்ள காலி."

மறுநாள், எங்களிடம் பால் வாங்கும் ஸ்ரீரங்கத்து மாமி என் மகனுக்குப் போன் போட்டு என்னிடம் கேட்டாள். "ஏம்மா, உங்காத்துப் பசு ப்ரைஸ் வாங்கித்தாமே?" ஆமாம் மாமி என்று சொன்னேன். எந்தப் பசு என்று மாமி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனம் லேசாகட்டும்.

அந்த வருஷம் நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்தது. பங்குனியில் எங்கள் வண்டிக்காளை செத்தது. வைகாசிக் காற்றில் குலை தள்ளின வாழை அத்தனையும் சாய்ந்தது. ஆனியில் ரோசலி மகளுக்கு இரட்டைப் பிள்ளை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல் அழுவது கேட்கும். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆவணியில் என் பேத்திக்குத் தென்னூர் மாப்பிள்ளையோடு கல்யாணம். ரோசலி கோயிலுக்கு வந்தாள், பூசை கண்டாள், மண்டபத்தில் கை நனைக்காமல் போனாள். எனக்குச் சந்தோஷம்தான். அவள் இலையில் ஒரு அப்பளம் மிச்சம் என்று வாய்விட்டே சொன்னேன். என் நெஞ்சு அப்படிக் கல்லாகக் கிடந்தது.

அப்புறம்தான் ஐப்பசி. நான் முதலில் சொன்ன மத்தியானம்.

என் மகன் பிரான்சிஸ் டாக்டருக்குப் போன் போட்டான். அவர் வேறு ஊரில் ஒரு மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். செவலை அவ்வளவு நேரம் தாங்காது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"அம்மா, சித்தியக் கூப்பிடறேன். அவங்க அப்பாரு ஊரு முழுக்க மாட்டுக்குப் பிரசவம் பாத்தவரு. சித்தி கை அப்படியே அவரு கை."

"கூப்பிடு. அவ இந்தப் பக்கம் கால வச்சா நான் அந்தப் பக்கமா நடந்து ஆத்துக்குப் போயிடறேன்."

"மாடு சாவுதும்மா."

"சாவட்டும்."

சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே ஜெபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தோணியாரைக் கூப்பிட்டேன். "சாமி, வாயில்லாச் சீவன். நீர்தான் பாக்கணும்." செவலை அப்போது நாக்கை நீட்டி என் உள்ளங்கையை நக்கியது. உப்பு கலக்கிற கை அது. தினம் நக்கும். அன்றைக்கு அந்த நாக்கு பட்டதும் எனக்குப் பொட்டலம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. எந்த வாயால் அவள் மாட்டுக்கு உம்ம காவல் வேண்டாம் என்று கேட்டேனோ, அதே வாயால் என் மாட்டுக்குக் காவல் கேட்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தேன். ரோசலி தன் தொழுவத்து வாசலில் வாளியைக் கழுவிக்கொண்டு நின்றாள். கழுவின வாளியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

எனக்கு அவளோடு பேச வேறு வழி தெரியாது. மாட்டிடம்தான் பேசினேன்.

"செவலை, தை மாசம் நான் ஒரு பாவம் பண்ணேன்டி. மந்திரிச்ச உப்ப ஒனக்கு மட்டும் வச்சுக்கிட்டேன். அந்தப் பக்கத்துக்குக் கடை உப்பக் கட்டிக் குடுத்தேன்."

கொழுந்தனார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ரோசலி வாளியைக் கீழே வைத்தாள். தன் மாட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"வெள்ளச்சி, கேட்டியாடி? நீ தின்னது கடை உப்பாம். அதத் தின்னுதான் கொடம் வாங்கியிருக்க."

வேறு நாளாக இருந்தால் நான் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். அன்றைக்கு அப்படியே எழுந்து நின்றேன்.

"ரோசலி."

பதினோரு வருஷம் கழித்து அந்தப் பேரைச் சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாரக் கூப்பிடறீங்க? மாட்டையா, மனுசியையா?"

"ஒன்னத்தான்டி. வா."

வந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வாலப் புடிங்கக்கா. அழுவறதா இருந்தா அந்தாண்ட போய் அழுவுங்க, மாடு மெரளும்." கன்றின் காலை மெதுவாக உள்ளே தள்ளினாள். கையை விட்டுத் துழாவினாள். "தல பின்னாடி மடங்கிக் கெடக்கு" என்றாள். மாடு ஓய்கிறபோது திருப்பினாள், முக்குகிறபோது நிறுத்தினாள். அவள் நெற்றி நரம்பு புடைத்து நின்றது. நான் வாலைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி, அவ கையில இரும். சாமி, அவ கையில இரும்.

தலையும் இரண்டு காலும் சேர்ந்து வந்தன. பிரான்சிஸும் கொழுந்தனாரும் பிடித்து இழுத்தார்கள். கன்று விழுந்தது. மூச்சில்லை. ரோசலி அதன் வாயை வழித்து, மூக்கில் வைக்கோல் தாளை விட்டுக் குடைந்தாள். தும்மியது. கிடேரிக் கன்று. செவலை கிடந்தபடியே தலையைத் தூக்கிக் குரல் கொடுத்தது.

டாக்டர் வந்தபோது கன்று நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய்க்கு ஊசி போட்டுவிட்டு, "யாரு பாத்தது?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "என் ஓரகத்தி" என்றேன்.

ரோசலி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள். "அன்னிக்கும் மாடு மடி கனத்துக் கத்திக்கிட்டு நின்னுச்சுக்கா. ரெண்டு வேள கறக்கல. அத்தான் இருந்தா, பொணத்த அப்பறம் பாருங்க, மாட்டப் பாருங்கன்னு சொல்லியிருப்பாரு."

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும். "காப்பி போடட்டா?" என்று கேட்டேன்.

"சக்கர வேணாம். சுகர் வந்து ஆறு வருசம் ஆவுது."

ஒரே முற்றம். ஆறு வருஷம். அது எனக்குத் தெரியாது. அடுப்படியில் போய் நின்று அப்போதுதான் அழுதேன்.

அதற்காக நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறோம் என்று நினைக்காதீர்கள். இப்போதும் சண்டைதான். ஆனால் மாட்டை நடுவில் இழுப்பதில்லை. நேருக்கு நேர் போட்டுக்கொள்கிறோம். அந்தக் குடங்களை வாசலிலிருந்து எடுத்துத் தண்ணீர் பிடிக்கக் கொடுத்துவிட்டேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு இக்கட்டில் கிடந்தால் அந்தோணியாரைக் கேளுங்கள். பாவத்தோடு இருந்தாலும் கேளுங்கள், நான் கேட்டேனே. யார் கையில் உதவி அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தோணியாருக்கும், அவர் வழியாக என் குரலைக் கேட்ட ஆண்டவருக்கும் என் நன்றி.

இந்தத் தையில் உப்பு மந்திரிக்க ரோசலியைத்தான் அனுப்பினேன். பங்கு வைக்கிற வேலையும் அவளுக்கே. சாயங்காலம் என் பங்கைப் பொட்டலமாகக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மந்திரிச்சதா, கடை உப்பான்னு நாக்குல வச்சுப் பாத்து வாங்கிக்குங்கக்கா."

"போடி" என்றேன். இரண்டு கையாலும் வாங்கினேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் செவலையின் தவிட்டில் கலந்தேன்.