ஒல்லியின் ஈரல்

லாண்டரியில் இஸ்திரி போடும் அந்த அம்மாளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்கு ஒல்லி என்று பெயர். முப்பது வயதில் அந்த ஒல்லிக்கு வயிறு மட்டும் பானையாக வீங்கி, கண்ணும் மஞ்சளாகிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெற்றவளும் கொஞ்சம் நம்பித் தொலைத்தாள். வேலை முடிந்து வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்வாள். அவனும் கோபப்படாமல் ஊதிவிட்டு உள்ளே போவான்.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது.

"குடியெல்லாம் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "ஒரு கிருமி பல வருஷமா ஈரலைப் புண்ணாக்கிட்டே இருந்திருக்கு. புண் ஆறினா தழும்பு விழும். ஒண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்த புண். இப்ப நல்ல சதையை விடத் தழும்புதான் அதிகம். ரத்தம் போக வழியில்லாம வயித்துல தண்ணி சேருது. இனி வேற ஈரல் வச்சாதான் பிழைப்பான்."

அம்மாளுக்குப் புரிந்தது. இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புகள் அவளுக்கு முழங்கை வரை உண்டு. அங்கே வேர்க்காது, முடி முளைக்காது. தோல் என்று பேர்தான்.

"என் ஈரல்ல வெட்டி அவனுக்கு வைங்க. மிச்சம் வளந்துரும்னு சொல்றாங்களே. வளராட்டியும் பரவால்ல."

சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, நேரே லாண்டரிக்குப் போய் லீவு சொன்னாள். கெஞ்சவில்லை, அதிகாரமாகவே சொன்னாள். மகன் பிழைத்துவிட்டான் என்றே அவளுக்கு நினைப்பு.

முடிவு வந்ததும் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க ரத்தத்துலயும் அதே கிருமி இருக்கும்மா. உங்களை அது அவ்வளவா படுத்தல. ஆனா உங்க ஈரலை எடுக்க முடியாது."

"அவன்கிட்டருந்து எனக்கு ஒட்டிக்கிச்சா?"

"பிரசவத்துல அம்மாகிட்டருந்து பிள்ளைக்குப் போறதுதான் அதிகம். பிறந்ததும் ஊசி போட்டிருந்தா பெரும்பாலும் தடுத்திருக்கலாம். உங்களுக்கு அப்ப யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. உங்க தப்பில்லம்மா."

தப்பில்லையாம்! தலையில் கல்லைப் போட்டுவிட்டு ஆறுதல் வேறு.

வார்டில் மகன் தலையைத் தூக்கினான். "பொருந்துச்சாம்மா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நான்தாண்டா உனக்கு இந்த நோயைக் குடுத்திருக்கேன். உன் வாயை வேற மோந்து பாத்தேனே, பாவி!" என்று அழுதாள்.

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "அழுவாதம்மா. ஈரல் குடுக்க நமக்கு வேற யாரு இருக்கா? யோசிச்சுச் சொல்லு," என்றான்.

யாரும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யோசிப்பது போலவே உட்கார்ந்திருந்தாள்.