தைப்பூசத்தன்று தீர்ந்த நைட்ரஜன்

அந்தப் பரிசோதனை என்னுடையதல்ல. எங்கள் இயற்பியல் துறையில் எனக்குப் பின் வந்து சேர்ந்த விரிவுரையாளர் ஒருத்தியுடையது. யாழ்ப்பாண வழிவந்த குடும்பம். பிறந்து வளர்ந்தது எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் இதே பினாங்குத் தீவில். என்னை அண்ணே என்று அழைப்பாள். அவள் சிரித்தால் நடைக்கூடம் முழுக்கக் கேட்கும்.

பெரிய மூலக்கூறுகளின் ஆட்டத்தை அடக்கிக் குளிரவைப்பதுதான் அவள் வேலை. அலமாரியில் துணிகளுக்கிடையே போடுகிறோமே பாச்சை உருண்டை, அதன் மூலக்கூறைத்தான் எடுத்துக்கொண்டாள். சாதாரண வெப்பத்தில் அது ஓடும், உருளும், உடம்பெல்லாம் அதிரும். அந்த நிலையில் அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் வரைபடத்தில் ஒரு மங்கலான மேடுதான் கிடைக்கும். ஆகவே அந்த ஆவியை ஆர்கான் வாயுவோடு கலந்து, ஊசிமுனைத் துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவாள். ஆர்கான் அணுக்கள் மோதி மோதி மூலக்கூறின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகும். ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று அசையாமல் இருப்பதுபோலவே இருக்கும். அதுதான் குளிர். அப்போது அந்த மேடு கூரிய கோடுகளாகப் பிரிய வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதை யாரும் கண்டதில்லை.

லேசரை அண்டை நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் இரவல் வாங்கியிருந்தாள். இன்னொரு தேவை திரவ நைட்ரஜன். வெற்றிடப் பம்பின் எண்ணெய் ஆவி மேலே ஏறிக் காரியத்தைக் கெடுக்காமல் உறையவைத்துப் பிடிப்பது அதுதான். நைட்ரஜன் என் பொறுப்பு. ஃபெரியேறிப் போய், அக்கரைத் தொழிற்சாலையில் குடுவையை நிரப்பி வருவேன். மூடியோரம் வெண்புகை கசியும்.

"என்னா அண்ணே, உள்ள பூதமா?" என்பார்கள் பயணிகள்.

"ஆமா. தூங்குது, எழுப்பிடாதீங்க."

எண்பதுகளில் ஓர் ஆண்டு, சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் பதினைந்தாவது, கடைசி நாளும் தைப்பூசத்தை ஒட்டியே வந்தது. தொழிற்சாலைக்கு நீண்ட விடுமுறை என்பதால் முன்கூட்டியே குடுவையை நிரப்பி வைத்தேன். தைப்பூசத்துக்கு மறுநாள் பரிசோதனை. விடுமுறை முடியுமுன்பே லேசரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புத்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில், நண்பர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலையில் அவளும் வந்தாள். சுழன்றாடிய காவடிக்காரரையும் அவரைச் சுற்றி அணைத்து வந்தவர்களையும் காட்டினாள்.

"அங்க பாருங்க அண்ணே. நடுவுல நம்ம பாச்சை உருண்டை, சுத்தி வர்றவங்க ஆர்கான். நாளைக்கு நம்ம ஆளையும் மலையேத்திடுவோம்!"

அவள் போன பிறகு, உச்சிவெயிலில் ஐஸ் தீர்ந்தது. எதிர்ப் பந்தலிலோ கூட்டம் நெரிந்தது.

"ஐஸ் அபிஸ், வாத்தியாரே," என்றார் எங்கள் பந்தல் தலைவர். "சுடுமோர யாரு குடிப்பா? இவ்ளோ படிச்சு என்னா லாபம்? ஒரு அண்டா மோர ஆறவைக்க முடியலையே லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காரை எடுத்துப் போய், ஆய்வகத்திலிருந்து குடுவையோடு திரும்பினேன்.

ஊற்றியதும் அண்டாவிலிருந்து வெண்மேகம் பொங்கி, மேசையில் வழிந்து, சாலையில் இறங்கியது. பிள்ளைகள் அதற்குள் குதித்தார்கள். உறுமி மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். புகை முழுக்க அடங்கும்வரை துழாவிய பிறகே மோரைக் கொடுத்தோம். எதிர்ப் பந்தல்காரர்களே எங்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

"இன்னொரு அண்டா, வாத்தியாரே!"

ஊற்றினேன். வகுப்பறையில் எனக்கு அப்படிக் கைதட்டல் கிடைத்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மகிழ்ச்சியை இன்றும் என்னால் வெறுக்க முடியவில்லை.

மறுநாள் அவள் குடுவைக்குள் குச்சியை விட்டுப் பார்த்தாள். அடியில்தான் கொஞ்சம் இருந்தது.

"என்ன அண்ணே இது?"

"ஆவியாப் போச்சு போல. மூடி சரியில்ல," என்றேன். சும்மா வைத்தாலே குறையும் பொருள் அது. அதைவிட நம்பத்தக்க பொய் இயற்பியலில் கிடையாது.

"அதோட குணம் அப்படி, நீங்க என்னா செய்வீங்க? இருக்கறத வச்சு ஓட்டுவோம் லா," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

ஓட்டினோம். பதிவுக் கருவியின் பேனா முதலில் வழக்கமான மேட்டையே வரைந்தது. அவள் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாள். மேடு சரிந்தது. பேனா துள்ளியது. ஒரு கோடு, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது, வேல் நட்டதுபோல.

"மலையேறிட்டாரு! அண்ணே, நம்ம ஆளு மலையேறிட்டாரு!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைகளிலிருந்து ஓடிவந்தார்கள். நானும் கத்தினேன். அந்த நேரத்தில் என் பொய்யையும் மறந்திருந்தேன்.

பிறகு நைட்ரஜன் தீர்ந்தது. எண்ணெய் ஆவி ஏறியது. கோடுகள் கரைந்து பழைய மேடு திரும்பியது. கட்டுரையாக வெளியிட வேண்டுமானால் அதே கோடுகள் மறுபடியும் வந்தாக வேண்டும்.

"கண்ணால பாத்தாச்சுல்ல," என்றாள். முகத்தில் சிரிப்பு மீதமிருந்தது. லேசர் பெட்டிக்குள் போனது.

விடுமுறை முடிந்து, குடுவை நிறைய நைட்ரஜன் கொண்டுவந்து வைத்தேன். லேசர் இருந்த மேசை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: மோர், புகை, கைதட்டல், மூடியைப் பற்றிச் சொன்ன பொய்.

"ஒரு அண்டாவுக்குக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன், அண்ணே," என்றாள். "ரெண்டாவதுக்குத்தான் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

அவள் சொன்னது சரி. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் மறுமுறை ஓட்டவும் மிஞ்சியிருக்கும். அந்த லேசர் திரும்ப எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. அவள் வேறு ஆராய்ச்சிக்கு மாறினாள். எப்போதும்போல என்னோடு பேசினாள், சிரித்தாள். துறையின் நைட்ரஜன் பொறுப்பை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.