பரண் மேல் கிடந்த அரிவாள்

என் வீட்டுக்காரருக்கு மறதி வியாதி வந்து மூன்று வருடம் ஆகிறது. அது போகாது, தெரியும். ஆனால் போன ஐப்பசியில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது மறதியால் இல்லை. அதைச் சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

தினமும் காலையில் வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்து வருவது அவர் வேலை. ஒருநாள் புல்லென்று நினைத்து, அடுத்த வயல்காரரின் பச்சை நெற்பயிரை ஒரு கட்டு அறுத்துவிட்டார். வயல்காரர் எங்கள் வாசலில் வந்து கத்தினார். பெரிய மகன் அரிவாளைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டான். அன்றிலிருந்து மனிதருக்குப் பேச்சில்லை. வைத்த சோறு வைத்தபடி இருக்கும். சாயங்காலமானால் அழுவார்.

"மறதி வந்தா இப்பிடித்தாம்மா. வயசாச்சில்ல, வுடு" என்றான் மகன்.

விடுவேனா! பாகூரில் பஸ் பிடித்து, டவுன் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போகக் கிளம்பினேன்.

"அங்கியா இட்டுகினு போற? ஊரே சிரிக்கும்" என்றாள் நாத்தனார்.

"சிரிச்சிட்டுப் போவட்டும். ஊரா வந்து அவருக்குச் சோறு ஊட்டுது?"

டாக்டரம்மா அவரிடமே பொறுமையாகப் பேசிப் பார்த்தார். பிறகு என்னிடம், "மறதி வேற, மனச்சோர்வு வேறம்மா. மறதியை முழுசா மாத்த முடியாது. ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. மாத்திரையை அப்புறம் பாக்கலாம். அவருக்குப் புடிச்ச வேலையை தினம் செய்ய வைங்க, கூடவே இருங்க" என்றார்.

அந்த வேலையைத்தானே பிடுங்கி வைத்திருந்தோம்! அன்று நானும் வாயை மூடிக்கொண்டு நின்றவள்தான்.

மறுநாள் ஏணி போட்டு அரிவாளை இறக்கினேன்.

"கைய அறுத்துக்கினா இன்னா பண்ணுவ?" மகன் குதித்தான்.

"பக்கத்துல நான் நிப்பேன்டா. நீ உன் வேலையப் பாரு."

முதல் வாரம் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பிடி அறுத்தார். அப்புறம் இரண்டு பிடி. ஒரு மாதத்தில் அரைக்கட்டு வரை வந்துவிட்டது. ஒருநாள் நான் புல்லைக் கட்டுவதற்குள், மறுபடியும் நாலு பிடி நெற்பயிரை அறுத்துவிட்டார். வயல்காரர் ஓடிவந்தார்.

நான் குறுக்கே நின்றேன். "நாலு புடிதானே அண்ணே! அதுக்கு ஒரு நாள் உங்க வயல்ல களை எடுத்துத் தர்றேன். அரிவாள மட்டும் வாங்கி வைக்கச் சொல்லாதீங்க. மாட்டேன்."

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ந்தா, பசிக்குது. சோறு கொண்டாந்தியா?"

அத்தனை நாளில் அவராகச் சோறு கேட்டது அதுதான் முதல்முறை. வயல்காரர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று தூக்குச்சட்டியைத் திறந்தேன்.