கூரை மூடாத காருக்கு ஒரு ஹெட்செட்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூளை கலங்கிவிட்டது என்று முதலில் சொன்னவர் மருந்துக்கடைக்காரர். காருக்குள் உட்கார்ந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறாராம்; முன்னால் போகிற வண்டிகளின் நம்பரை உரக்கப் படிக்கிறாராம். செய்தி தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நம்பரோடு அழுகையும் சேர்ந்திருந்தது. முடிவெட்டும் கடையில் எனக்குக் கிடைத்த பதிப்பில், மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விட்டார்.

அழுகையிலும் கோபத்திலும் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அவை எல்லா வீட்டிலும் உண்டு. ஹெல்மெட்தான் உறுத்தியது. பைக்கில் போகிறவர்களே கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகும் பொருளை, காரில் போகிற மனிதர் எதற்குத் தலையில் மாட்டுகிறார்? நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததே மனைவிதான். வதந்தியில் கால்வாசி வாசலிலேயே உதிர்ந்தது.

"ஹெல்மெட்டா? உள்ள வாங்க. அந்தக் கூத்தை அவர் வாயாலயே கேளுங்க."

அவரை ஊரில் எல்லாரும் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு பேசினாலும், பயப்படாதீங்க என்று சொல்வதற்கு முன்பே "எந்த பட்டனை அமுக்குனீங்க?" என்று கேட்பார். ஐம்பதைத் தொட்ட ஆள். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர். டிவிக்குப் பக்கத்தில் பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லிஃப்ட் கதவின் சென்சார் உட்கார்ந்திருந்தது.

அவர் தொழிலில் பாதி வேலை பேச்சு. லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போனை யாராவது அழுத்தினால் இவருடைய கைபேசி அடிக்கும். வண்டியை எடுத்ததிலிருந்து அங்கே போய்க் கதவைத் திறக்கும்வரை லைனைத் துண்டிக்க மாட்டார். உள்ளே இருப்பவருக்குத் தனியாக விட்டுவிட்டார்கள் என்ற நினைப்பு வந்தால், கதவைக் கையால் பிளக்கப் பார்ப்பார்; பாதி வழியில் நிற்கும் லிஃப்ட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. அதனால் வீட்டில் எத்தனை பேர், மதியம் என்ன சாப்பாடு என்று எதையாவது கேட்டுக்கொண்டே போவார்.

பழைய வேன் இருந்தவரை இதில் சிக்கலில்லை. வேன் போய்ச் சேர்ந்தது. மைத்துனர் வெளிநாடு போகும்போது விட்டுப்போன, கூரை மடங்கும் சிவப்புக் கார் வந்தது. ஒருநாள் ஆசையாகக் கூரையை மடக்கினார். மடங்கிப் பின்னால் போன கூரை திரும்பி வரவில்லை. அதற்கான பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற லிஃப்ட்டை எல்லாம் மேல ஏத்துறாரு. சொந்தக் கார் கூரையை மேல ஏத்தத் தெரியல," என்றார் மனைவி.

"அது வேற டிபார்ட்மென்ட்," என்றார் பட்டன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாலு லிஃப்ட் உள்ள பெரிய அடுக்ககம் ஒன்று. பட்டன் வீட்டில் அடுப்பெரிவதே அந்த நாலை நம்பித்தான். அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மாட்டிக்கொண்டார். இவர் திறந்த காரில் பறந்துகொண்டே ஆறுதல் சொன்னார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது வெறும் 'ஹூ'தான். லிஃப்ட் அடியில்லாத கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்து, டீச்சரம்மா காய்கறிப் பையைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பட்டனைக் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு.

ஆக, காற்றில் பேசினாலும் கேட்கிற மாதிரி ஒரு ஹெட்செட் வேண்டும். இல்லாவிட்டால் நாலு லிஃப்ட்டும் போச்சு.

கைபேசிக் கடையில் இருந்த பெண் ஏழெட்டு வகையை எடுத்து மேசையில் பரப்பினாள். பட்டன் கடையின் டேபிள் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதற்கு நேராக முகத்தை நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்.

"எல்லாமே சூப்பரா கேக்குதும்மா."

"உங்களுக்குக் கேக்கும் அண்ணே. நீங்க பேசுறது அந்தப் பக்கம் கேக்குதான்னு அந்தப் பக்கம் இருக்கிறவங்கதானே சொல்லணும்?"

அவர் சொல்லக் கேட்டபோது எனக்கே இது புதிதாக இருந்தது. செருப்பை நம் காலில் போட்டுப் பார்க்கலாம். ஹெட்செட்டை மட்டும் அடுத்தவர் காதில்தான் போட்டுப் பார்க்க முடியும்.

இரண்டை இரவல் வாங்கிக்கொண்டு, மனைவியை அந்தப் பக்கத்துக்கு நியமித்தார். காரிலிருந்து பேசினார். "கேக்குதா?" "கேக்குது." அடுத்ததை மாட்டினார். "இது?" "இதுவும் கேக்குது." வீட்டுக்கு வந்து, "நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"வழக்கமா சொல்றதுதான்," என்றார் மனைவி.

இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவரை வைத்து மைக்கைச் சோதிக்க முடியாது என்று பட்டனுக்குப் புரிந்தது. முன்கூட்டியே ஊகிக்க முடியாத எதையாவது சொல்ல வேண்டும். அதனால்தான் வண்டி நம்பர். அதுவரை மனைவி செய்துவந்த, கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை அன்றிலிருந்து நான் ஏற்றுக்கொண்டேன். நம்பர் மர்மம் தீர்ந்தது. ஹெல்மெட்டும் ஒரு சோதனைதான். உள்ளே மைக்கை வைத்தால் காற்று படாது. போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, எந்த விதியின் கீழ் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "கழட்டிட்டுப் போங்க, பாக்கிறவங்க சிரிக்கிறாங்க," என்று அனுப்பிவிட்டார்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க, தையல்கடையில் நூல் வாங்கிக் கண்ணாடியிலும் சீட்டின் தலையணையிலும் கட்டிப் பார்த்தார். வேகம் கூடியதும் நூல் எல்லாம் முன்பக்கமாகப் படபடத்தது. முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று சுருண்டு திரும்பி, பின்னாலிருந்து பிடரியில் அறைகிறது. முன்பக்கக் காற்றுக்குப் பயந்து இத்தனை நாள் தவறான பக்கத்தைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார். காதுக்குள் செருகும் சின்ன வகை காற்றில் விசிலடித்தது. காதையே மூடும் பெரிய வகை பேச்சைக் கடத்தியது, பின்னால் வந்த லாரியின் ஹாரனை மறைத்தது. கடைசியில் கடையிலேயே விலை கூடிய ஒன்று. நான் எழுதிய நம்பர்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. உலகத்தில் காற்று என்று ஒன்று இல்லவே இல்லை என்பது போல அவர் குரல் மட்டும் தனியாக வந்தது. அதையே வாங்கினார்.

அடுத்து மாட்டிக்கொண்டவர் செயலாளரே. நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்; வசவுகளைத் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போனது.

"எந்த பட்டனை அமுக்குனீங்க?"

"எல்லாத்தையும் அமுக்கிட்டேன்யா! செயலாளர் பேசுறேன். எங்க இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன் சார்."

"பொய் சொல்லாதே. உன் வீட்டு ஹால் மாதிரி அமைதியா இருக்கு."

"புது ஹெட்செட் சார். காத்து கேக்காது."

"போன தடவை உன் வண்டிச் சத்தத்துல டீச்சரம்மாவுக்குப் பாதி உயிர் போச்சு. இன்னைக்கு அதே வண்டிக்குச் சத்தமே இல்லையா? யாருக்குக் காது குத்துறே?"

"ஹாரன் அடிக்கிறேன், கேளுங்க சார்."

"அடி."

முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைக்கும் அளவுக்கு அடித்தார்.

"அடி, கேக்கிறேன்னு சொன்னேனே!"

"அடிச்சுட்டேன் சார்."

அந்த ஹெட்செட் காற்றோடு ஹாரனையும் சேர்த்து வடிகட்டிவிட்டது.

"சரி, நீ சாப்பிட்டுட்டு மெதுவா வா. ஒப்பந்தம் இன்னையோட முடிஞ்சுது. கதவை நானே திறந்துக்கிறேன்."

உலோகம் உரசும் சத்தம் கேட்டது. பட்டன் பிரேக்கை மிதித்தார். சிக்னலில் சிவப்பு. என்ன சொன்னால் நம்புவார் என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"சார், கதவுல கை வைக்காதீங்க! பேக்கரி சிக்னல்ல நிக்கிறேன். உங்க மருமகன் பேக்கரி சுவர்ல சாஞ்சு நின்னு சிகரெட் பிடிச்சிட்டு இருக்காரு."

உரசல் நின்றது.

"என்ன சட்டை?"

"நீலம். கோடு போட்டது."

"விட்டுட்டேன்னு என் பொண்ணு தலைமேல கை வெச்சு சொன்னானே! பாதி பிடிச்சிருக்கானா, இப்பத்தான் பத்த வெச்சானா?"

"பாதிக்கு மேல சார். ரசிச்சுத்தான் பிடிக்கிறாரு."

அதன்பிறகு செயலாளர் கதவைத் தொடவே இல்லை. கதவு திறக்கும்வரை கேள்வி மேல் கேள்வி. வெளியே வந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் மருமகனுக்குப் போன் போட்டார்.

மறுநாள் பட்டன் கடைக்குப் போய் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா வேலை செய்யலையா அண்ணே?"

"ரொம்பச் சரியா செய்யுதும்மா. கொஞ்சம் காத்தை விடுற மாதிரி ஏதாவது இருக்கா?"

"எல்லாரும் சத்தம் வேணாம்னுதான் கேப்பாங்க!"

"நான் வர்றேன்னு தெரியணுமே."

லாரிக்காரர்கள் வாங்குகிற ரகம் ஒன்று மூலையில் இருந்தது. ஒற்றைக் காது, வாய்க்கு நேராக நீளும் தண்டு, அதன் நுனியில் பஞ்சு உருண்டை. மற்றக் காது சாலைக்கு. இந்த முறை டீச்சரம்மாவே லிஃப்ட் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேர்வுத்தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பேசுறதும் புரியுது, பின்னால காத்து ஓடுறதும் கேக்குது. ஆள் வந்துட்டு இருக்காருன்னு தைரியமா இருக்கு."

செயலாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். "வர்ற வழியில பேக்கரிப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு வா," என்று மட்டும் சொன்னாராம்.

போன வாரம் அதே லிஃப்ட்டில் மருமகன் பட்டனோடு ஏறியிருக்கிறார். கதவு மூடும்வரை காத்திருந்து, "அண்ணே, உங்க ஒப்பந்தம் என் சிகரெட்ல பொழச்சுது. எனக்கு நீங்க ஒண்ணு கடன்பட்டிருக்கீங்க," என்றாராம்.

"வாஸ்தவம்தான் தம்பி. என்ன வேணும், சொல்லுங்க. இப்பவே தீத்துடுறேன்."

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. அதுவரை லிஃப்ட்டுக்குள் மறுபடி அவரிடம் மாட்டுவானேன் என்று, பட்டன் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியில்தான் ஏறிப் போகிறார்.