பித்தளைக் குதிரை

இது ராத்திரியில் நடந்திருந்தால் கனவு என்று விட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம். நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்கலாம்.

எனக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். ஆளில்லாத வீட்டுக்குள் தனியாகப் போவது டீ குடிக்கிற மாதிரி. ஒரே ஒரு கிறுக்கு, பழைய குதிரைப்படைகளின் தொப்பி பேட்ஜ் சேர்ப்பது. எல்லாம் ஒரு வார்ப்புக்காரர் தன்னிடமுள்ள அசல்களைப் பார்த்து வார்த்துத் தரும் நகல்தான். அசல் வாங்கக் கடையையே விற்க வேண்டும். "குதிரை இல்லாத தளபதி வர்றாரு, வழி விடுங்க!" என்பான் மச்சான். கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி, ஒவ்வொரு பேட்ஜுக்கும் ஒரு குழி.

ஒரு குழி மட்டும் காலி.

அதிலிருந்த குதிரைத்தலை பேட்ஜ் என் மகனுடையது. ஏழு வயது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வான். மூக்கால் மட்டும் ஒரு சத்தம்... "ம்ம்ம்..." நர்ஸ் போனதும், விழுந்த முன்பல் ஓட்டை தெரியக் கேட்பான்: "நான் அழலதானேப்பா?"

கடைசியில் அதை அவன் கையிலேயே வைத்து அனுப்பினோம்.

"அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்" என்றாள் மனைவி. எனக்கோ அந்தக் குழியைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அதே வார்ப்புக்காரரிடம் இன்னொன்று செய்யச் சொன்னேன்.

வியாழக்கிழமை. மதியம் மூன்றேகால். அவள் அடுப்படியில். பார்சலைப் பிரித்தேன். குதிரையின் கழுத்தில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். இது சகஜம்தான். அசலை மண்ணில் அழுத்தித்தான் அச்சு எடுப்பார்கள். அசல் நசுங்கினால் நகலிலும் வரும்.

ஆனால்... பேட்ஜ் ஈரமாக இருந்தது.

துடைத்தேன். மறுபடி ஈரம்.

குழியில் வைத்து மூடினேன்.

"ம்ம்ம்..."

பெட்டிக்குள்ளிருந்து.

அடுப்படிக்குக் கேட்டிருக்கவே முடியாது. அவ்வளவு மெல்லிய சத்தம். ஆனால் அங்கே கரண்டி விழுந்தது. ஓடி வந்தாள்.

"யாருங்க... யாரு அவனுக்கு ஊசி போடறது?"

வார்ப்புக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க அசல் எங்கயாவது அடிபட்டுச்சா?"

"கண்ணு மாதிரி வச்சிருக்கேன் தம்பி. இருங்க, எடுத்தே பார்த்துடறேன்."

டிராயர் திறக்கிற சத்தம்.

"தம்பி... அச்சு எடுக்கறப்பகூட இது இல்ல. பல்லு பதிஞ்சிருக்கு. பித்தளையில எப்படி... நடுவுல ஒரு பல்லு மட்டும் இல்ல."

அவன் கடித்தது நகலை. நகலிலிருந்து அசலுக்கு எதுவும் போகாது. போக வழியே இல்லை.

மனைவி போனைப் பிடுங்கினாள்.

"இனிமே அதுல அச்சு எடுக்காதீங்கண்ணே. அவனுக்கு வலிக்கும்."

சரி என்றார். பிறகுதான் சொன்னார். என்னுடையதோடு சேர்த்து ஏழு வார்த்தாராம். மற்ற ஆறும் ஏற்கெனவே எங்கெங்கோ போய்விட்டன.

ஒன்று உங்களிடம் இருக்கலாம். சத்தம் கேட்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

"நீ அழலடா கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.