சின்னத்தம்பி எடுத்த பாடம்

என் தம்பி சின்னத்தம்பியைத் தமிழ்த் துரோகி என்று ரங்கூனில் இன்னும் நாலு பேர் சொல்லித் திரிகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். துரோகி யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அப்பா மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்து ரயில்வே கொட்டகையில் நிலக்கரி அள்ளியவர். ஒருநாள் தண்டவாளத்தோரம் சிந்திக் கிடந்த கரியை மேஸ்திரி சொல்லித்தான் கூடையில் எடுத்தார். திருட்டு என்று பிடித்துக் கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். விசாரணை பர்மியத்தில் நடந்தது. அப்பா நடந்ததையெல்லாம் தமிழில் விடாமல் சொன்னார். மொழிபெயர்க்க வந்தவன் அத்தனையையும் விழுங்கிவிட்டு, எடுத்ததாக ஒப்புக்கொள்கிறான் என்று ஒரே வரியில் முடித்தான். தாமுவே சந்தையில் வெற்றிலை விற்றே பர்மியம் பழகியவள் நான். எனக்குப் புரிந்தது. எழுந்து கத்தினேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அப்பா ஜெயிலுக்குப் போனார், வேலையும் போயிற்று.

அன்றைக்கே தம்பி சொன்னான், "நான் வக்கீலுக்குத்தான் படிப்பேன்க்கா."

பள்ளிப் படிப்பை நன்றாகவே முடித்தான். காலேஜில் சேர, பெரிய மனிதர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் வட்டாரத் தமிழ் மன்றத்தின் தலைவர், மரக்கடை சுப்பிரமணியம் பிள்ளை, போட்டார். சும்மா போடவில்லை. இங்கிலீஷோடு இன்னொரு மொழியும் எடுக்க வேண்டும், அது தமிழாக இருக்க வேண்டும் என்றார்.

"ஆள் குறைஞ்சா தமிழ் வகுப்பையே மூடிருவாங்க. தாய்மொழிய நாமளே கைவிடலாமா தம்பி?"

தம்பி தலையாட்டினான். தமிழ் எங்களுக்கு மட்டும் கசக்குமா என்ன?

முதல் வருஷம் தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவனிடம் உண்மையை உடைத்தார். பர்மியம் எழுதப் படிக்கத் தெரியாதவன் வக்கீல் பரீட்சை எழுதவே முடியாதாம். சந்தையில் பேசுகிற பர்மியம் அதற்குச் செல்லாது. பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கத் தம்பி பர்மிய வகுப்புக்குப் போனான். அங்கே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் யார் தெரியுமா? பிள்ளையின் சொந்த மகன் பழனியப்பன்.

தம்பி நேரே என் கடைக்கு வந்து சொன்னான். வெற்றிலைக் கட்டை அப்படியே போட்டுவிட்டு அவனோடு பிள்ளை வீட்டுக்குப் போனேன். பாடம் மாற்றவும் அவர் கையெழுத்துதான் வேண்டும். உங்கள் மகன் மட்டும் பர்மியம் படிக்கலாமா என்று கேட்டேன்.

"அவன் கடைய பாக்கணும். பர்மாக்காரங்களோட வியாபாரம் பேசணும்," என்றார் பிள்ளை, கொஞ்சமும் கூசாமல். "ஒன் தம்பிக்கு எதுக்கும்மா அது? தமிழ் படிக்கட்டும். நம்ம மன்றத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை போட்டுத் தர்றேன்."

அவர் மகனுக்கு வியாபாரம் வேண்டும், அதற்குப் பர்மியம் வேண்டும். தமிழைக் காப்பாற்ற மட்டும் கரி அள்ளுகிறவன் பிள்ளை வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டைக் கொளுத்தியிருப்பேன். தம்பிதான் என் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

பாடம் மாற்றும் தவணை முடிவதற்கு முன் மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. தமிழ் எடுத்த ஏழைப் பிள்ளை என்று தம்பியை மேடையேற்றிப் பேசச் சொன்னார் பிள்ளை. தம்பி பேசினான், சந்தையில் பழகிய பர்மியத்தில். அப்பா வழக்கைத்தான் சொன்னான். கூட்டம் சலசலத்தது.

"தமிழ்ல பேசுடா," என்றார் பிள்ளை.

தம்பி தமிழில் சொன்னான். "எங்கப்பா சொன்னத எடுத்துச் சொல்ல அன்னிக்கு ஒழுங்கான ஆள் இல்லீங்கய்யா. இன்னிக்கு ஒங்க மகன் இருக்காரு. பர்மியம்தானே படிக்கிறாரு? அவரே சொல்லட்டும்."

பழனியப்பன் எழுந்தான். தலையைக் குனிந்துகொண்டு, தம்பி பேசியதை மறைக்காமல் தமிழில் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சபை முழுவதும் அவன் அப்பாவையே பார்த்தது. விழா முடிவதற்குள் பிள்ளை கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் விட்டெறிந்தார். "இனி இந்த வாசல மிதிக்காதே, துரோகி." பட்டம் அப்போது வந்ததுதான்.

போன வருஷம் தம்பி வக்கீலானான். முதல் வழக்கு, கப்பலில் மூட்டை தூக்குகிற ஒருவர்மேல் போட்ட திருட்டு வழக்கு. அந்த மனிதர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தமிழில் அழுது அழுது சொன்னார். தம்பி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். மறுநாள் கோர்ட்டில் எழுந்து பர்மியத்தில் பேசினான். அப்பாவும் வந்திருந்தார். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. என் காதருகே குனிந்து கேட்டார்.

"பவுனு, அவரு சொன்னதெல்லாம் சொல்லிட்டானா?"

"ஒண்ணு விடாம சொல்லிட்டான்ப்பா."