உதவிக் காசில் ஒரு கண்ணாடி

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள், முகத்தில் புதுக் கண்ணாடி. வழியில் வந்த பெயர்ப் பலகை ஒன்றையும் விடாமல் சத்தமாக வாசித்தார். சாராயக் கடையையும் விடவில்லை.

“கண்ணாடி புதுசுங்களா?” என்றேன்.

“அரசாங்கம் பேங்குல போட்ட உதவிக் காசுல வாங்குனதுங்க சார். அரிசி வாங்காம இது என்னா பவுசுன்னு லயத்து வீடுங்க எல்லாமே சிரிச்சிச்சு.”

வாத்தியாரான நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்தேன்.

“போட்ட மொத நாளே கொழுந்து நிறுக்கிற தராசப் பாத்தேன். பதினெட்டு கிலோ காட்டுது, கணக்கப்பிள்ளை பதினாறுன்னு எழுதுறாரு. ‘ஐயா, ஒங்களுக்கும் ஒரு கண்ணாடி வேணும் போல’ன்னேன். பதினெட்டுன்னு திருத்திட்டாரு. இப்ப கூடுற கிலோ காசுல அரிசியும் வாங்கிக்கிறோம். சிரிச்சவங்கதான் நிறுக்கையில என்னையப் பக்கத்துல நிக்கச் சொல்றாங்க.”

நுவரெலியாவில் இறங்குமுன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க.”

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆனால், இன்றைக்கும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பொத்தான்களை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.